582-ஐக் கழற்றி 912 மாட்டலாமா? ஓசூர் உயரத்துக்கும் வெயிலுக்கும் ஒரு மதிப்புரை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். துணி போர்த்திய, இரண்டு பேர் உட்காரும் கிட் விமானத்தில் (பாகங்களாக வாங்கி நாமே கோத்துக் கட்டுவது) ரோடாக்ஸ் 582 எஞ்சின் பூட்டி, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பறக்கிறவர்களுக்கு அதே கம்பெனியின் 912 நல்ல மாற்றுதான். ஆனால் 912-இல் எல்லாரும் கேட்டு வாங்கும் 100 எச்.பி. யு.எல்.எஸ். வகை இதற்குத் தேவையில்லை, 80 எச்.பி. யு.எல். வகை போதும். பெரும்பாலும் தனியாகப் பறக்கிறவராக இருந்தால் இரண்டுமே வேண்டாம். 582-ஐ ஒழுங்காகச் சீர்செய்துகொண்டு, மிச்சப் பணத்தைப் புதுத் துணிக்கும் நல்ல பிரேக்குக்கும் போடுங்கள். காரணங்கள் கீழே.

582 மோசமான எஞ்சின் இல்லை. 580 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணீர்க் குளிர்ச்சி, 6500 ஆர்.பி.எம்.மில் சுமார் 64 எச்.பி. எடைக்குக் கிடைக்கும் சக்தியும் நல்லதே. சிக்கல் வேறு இடத்தில். ஓவர்ஹாலுக்கு இடையே 300 மணி நேரம்தான். உற்பத்தியும் நின்றுவிட்டது, உதிரிபாகம் இனி எளிதாகாது. 912-க்கு அதே கணக்கு 2000 மணி நேரம் அல்லது 15 ஆண்டு. இந்த மாவட்டத்தில் எஞ்சின் நின்றால் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். மாந்தோப்பு, கருங்கல் பாறை, ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ். மேலிருந்து பாலிஹவுஸ் வெள்ளை வெளேரென்று சமதரை மாதிரித் தெரியும். அதில் இறங்க முடியாது.

உயரமும் வெயிலும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், அதாவது 2950 அடி. அந்த உயரத்துக்கு விமானக் கணக்கில் வைக்கும் தரநிலை வெப்பம் சுமார் 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி இருந்தால் 25 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று கூட்டினால், எஞ்சினைப் பொறுத்தவரை நீங்கள் 5900 அடியில் நிற்கிறீர்கள். அங்கே டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் சக்தியில் 18 சதவீதத்தைத் தொலைத்துவிடும். 582-இன் 64 எச்.பி. 52 ஆகிவிடும். 912 யு.எல்.லின் 80 சுமார் 65 ஆகும். யு.எல்.எஸ்.-இன் 100 சுமார் 82.

அந்த 65-ஐக் கவனியுங்கள். கடல்மட்டத்தில் 582 தருவதாகச் சொல்லும் சக்தி அது. உங்கள் விமானத்தை வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த சக்தியும் கிட்டத்தட்ட அதுவே. ஓசூர் வெயிலில் அதைத் திரும்பப் பெற்றுத் தருவது 80 எச்.பி. எஞ்சின். ஒரு உதாரணம்: மட்டமாகப் பறக்கவே 30 எச்.பி. போய்விடுகிறது என்றால், 582-இல் மேலே ஏற மிஞ்சுவது 22. யு.எல்.லில் 35. ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓடுபாதை முடிவில் தென்னை மரம் நிற்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தருமபுரி தாழ்வாக இருக்கிறது, அங்கே பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தருமபுரி சுமார் 465 மீட்டர்தான், ஆனால் வெயில் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. 38 டிகிரி மதியத்தில் 582 அங்கே தருவது சுமார் 55 எச்.பி. ஓசூரில் காலை 6 மணிக்கு 20 டிகிரியில் கிடைப்பதும் அதே 55. எஞ்சின் மாற்றப் பணம் இல்லாதவர் அலாரத்தை மாற்றி வைத்தாலே கொஞ்சம் லாபம்.

582-ஐயே வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள பிங் 54 கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. கடல்மட்டத்துக்கான 165 மெயின் ஜெட்டோடு (பெட்ரோல் போகும் துளை) ஓசூரில் ஓட்டினால் கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருக்கும். பிளக் கறுக்கும், முழு ஆர்.பி.எம். எட்டாது. 162, 160 என்று ஒவ்வொரு படியாகக் குறைக்கலாம். ஆனால் இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை தானாகவே லீனாகும், பெட்ரோல் பற்றாது. உயரம் ரிச் பக்கம் இழுக்கிறது, எத்தனால் லீன் பக்கம் தள்ளுகிறது. ஒன்றை மட்டும் பார்த்து ஜெட்டைக் குறைத்தவர்களின் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், அதுவும் குளிர்ந்த விடியற்காலையில், முழு திராட்டிலில். எக்சாஸ்ட் வெப்பம் 650 டிகிரியைத் தாண்டக் கூடாது. கேஜ் இல்லாமல் ஜெட்டைத் தொடாதீர்கள். 912-இல் உள்ள பிங் 64 வெற்றிட டயாஃப்ரம் வகை. காற்றடர்த்திக்கு ஓரளவு தானே ஈடுகொடுக்கும். இந்தத் தலைவலி பெருமளவு போய்விடும்.

எடை

இங்கேதான் விற்பனைப் பேச்சுக்கும் உண்மைக்கும் இடைவெளி. 912-இன் எடை 60 கிலோவுக்குள் என்று காகிதத்தில் இருக்கும். அது வெறும் எஞ்சின். எக்சாஸ்ட், ரேடியேட்டர், ஆயில் கூலர், ஆயில் டேங்க், 3 லிட்டர் ஆயில், கூலன்ட், பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்தால் 75 முதல் 80 கிலோ. 582-ஐவிடச் சுமார் 20 கிலோ அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எஞ்சின் மாற்றியதால் கூடாது. 450 கிலோ வரம்பு, காலி எடை 250, ஆளுக்கு 80 வீதம் இரண்டு பேர் என்றால் பெட்ரோலுக்கு 40 கிலோ, அதாவது 55 லிட்டர். 912 மாட்டினால் அது 20 கிலோ, 27 லிட்டர். 582 பறக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் குடிக்கும், யு.எல். நிதானமாக ஓட்டினால் 13, 14. ஆக மூன்று மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்குகிறது. மைலேஜ் கூடும், தூரம் குறையும். (ஓசூரில் எந்த எஞ்சினைக் காட்டினாலும் வரும் முதல் கேள்வி மைலேஜ்தான். அதற்குப் பதில் இதுதான்.) தனியாகப் பறப்பவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் தனியாகப் பறப்பவருக்கு 582-இன் சக்தியே தாராளம்.

அடுத்தது புவியீர்ப்பு மையம். எஞ்சின், அந்த மையத்திலிருந்து 1.2 மீட்டர் முன்னால் இருந்தால், 20 கிலோ கூடுதல் எடை 24 கிலோ-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு) முன்னே இழுக்கும். 450 கிலோவில் அது 5 சென்டிமீட்டருக்கும் மேல் நகர்வு. ஒன்றரை மீட்டர் கார்டு (முன்-பின் அகலம்) உள்ள இறக்கையில் இதுவே கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம். ஒருவர் மட்டும், குறைந்த பெட்ரோலோடு இறங்கும்போது நகர்வு இன்னும் அதிகம். தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்க (ஃபிளேர்) வாலிலுள்ள எலிவேட்டர் பற்றாமல் மூக்குச் சக்கரத்தில் விழும். 4 கிலோ பேட்டரியை முன்பக்கத்திலிருந்து 2.8 மீட்டர் பின்னால் கொண்டுபோனால் 11 கிலோ-மீட்டர் திரும்பக் கிடைக்கும். வாலில் ஈயம் கட்டுவதைவிட அது மேல். ஆனால் ஸ்டார்ட்டர் கேபிளின் தடிமனைக் கூட்டுங்கள். கிராங்க் 220 ஆர்.பி.எம். எட்டாமல் 912-இல் ஸ்பார்க்கே வராது. மெல்லிய கேபிளில் வோல்டேஜ் விழுந்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. பேட்டரிமேல் பழி விழும்.

எடை போட லாரி எடைமேடை உதவாது. அதன் நுணுக்கம் போதாது. காய்கறி மண்டியில் இருக்கும் 150 கிலோ டிஜிட்டல் பிளாட்ஃபார்ம் தராசு மூன்று, முத்திரை காலாவதியாகாததாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து, மூன்று சக்கரத்துக்கும் கீழே வைத்து, விமானத்தை மட்டம் பார்த்துவிட்டு எடுங்கள். கதவை மூடிய ஷெட்டுக்குள். சின்னக் காற்றுகூட இறக்கையைத் தூக்கி எண்ணைக் குழப்பும்.

பெட்ரோல்

912-க்கு ரோடாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரை. இங்கே சாதாரணப் பங்கில் 20. ஆக்டேன் பிரச்சினை இல்லை. இ20 பெட்ரோல் 95 ஆக்டேன். யு.எல்.எஸ்.-க்குக் குறைந்தது 95 வேண்டும், யு.எல்.லுக்கு 90 போதும். பிரச்சினை எத்தனால்தான். பழைய ஃபைபர் கிளாஸ் டேங்கின் ரெசினை அது இளக்கும். ஃபில்டரில் பிசின் மாதிரி ஒட்டும். ரப்பரை உப்பவைக்கும். காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். வெயிலில் நின்ற எஞ்சினில் வேப்பர் லாக்குக்கு, அதாவது லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதற்கு, வழி செய்யும்.

100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் பெங்களூரில் குறிப்பிட்ட பங்குகளில் கிடைக்கிறது. அதில் எத்தனால் இல்லை என்று பங்கில் சொல்வார்கள். சொல்லை நம்பவேண்டாம், ஒவ்வொரு கேனையும் சோதியுங்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் 100 மில்லி அளவுக் குடுவை போதும். 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் கீழே இறங்கும். கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-க்கு ஏறினால் 10 சதவீதம். 28-க்கு ஏறினால் இ20. கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஓரிரண்டு மில்லி தப்பாகத் தெரியும்.

இதே வித்தையைப் பெரிய கேனில் செய்து எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு அந்தப் பெட்ரோலை ஊற்றுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் கூடவே போகும். யு.எல்.எஸ்.-இன் கம்ப்ரஷன் பத்தரைக்கும் மேல். அதில் இந்தப் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து நாக்கிங் கொடுக்கும். கியர்பாக்ஸ் போடும் சத்தத்தில் நாக்கிங் காதில் விழாது. முதல் அறிகுறி பிஸ்டனில் ஓட்டை. யு.எல்.லின் கம்ப்ரஷன் 9 என்பது இந்த ஊருக்கு அதைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம்.

விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100 எல்.எல். கிடைத்தால் ஊற்றலாம். ஆனால் அதில் ஈயம். ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏவ்காஸ் என்றால் ஆயிலை வழக்கமான இடைவெளியின் பாதியிலேயே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் சோதனையும் முன்கூட்டியே வரும். ஆயில் டேங்கின் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தால் அது ஈயம்தான். அப்போது ஆயில் மட்டும் மாற்றினால் போதாது, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

பெட்ரோல் லைனில் இரண்டு விஷயம். 582-க்குப் போட்டிருந்த கண்ணாடி மாதிரி நீல ஹோஸைத் தூக்கி எறியுங்கள். வெப்பத்தில் அது கல்லாகி, கிளிப் இருக்கும் இடத்தில் கீறும். எஞ்சின் பக்கம் எத்தனால் தாங்கும் ஃப்யூயல் இஞ்செக்ஷன் ஹோஸ் போட்டு, தீ உறை மாட்டுங்கள். இரண்டாவது, டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன். கார்புரேட்டருக்கு அருகிலிருந்து 35 ஜெட் அளவு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வழியாக அது டேங்குக்குப் போக வேண்டும். ஆவி அதில் வெளியேறும். "582-இல் இல்லையே" என்று இதை விட்டுவிட்டால், இறங்கி இருபது நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும்போது 200 அடியில் எஞ்சின் இருமும்.

மவுண்ட்டும் ஓசூர் பட்டறைகளும்

காகிதம் முதலில். எஞ்சின் வகையை மாற்றுவது பெரிய மாற்றம்; விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதியும், எடை-சமநிலை அறிக்கையும், கிட் தயாரித்தவரின் வரைபடமும் கையில் வருவதற்கு முன் எஞ்சினுக்கு முன்பணம் கட்டாதீர்கள். 912 பூட்டிய வடிவம் ஏற்கெனவே உள்ள கிட் என்றால் வேலை பாதி. பெங்களூரு ராஜ் ஹம்சாவின் எக்ஸ்-ஏர் மாதிரி, 912-உடன் பறந்த வரலாறு உள்ள விமானங்களுக்கு மவுண்ட் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாததற்கு 582-இன் பழைய தட்டில் நான்கு துளை புதிதாகப் போட்டு உட்காரவைப்பது கூடவே கூடாது.

ஓசூர் சிப்காட் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளின் கை சுத்தம். அளவு கொடுத்தால் அளவு வரும். லேசர் கட்டிங், சி.என்.சி. திருப்பல், ப்ரொப்பெல்லர் ஸ்பேசர், பிராக்கெட் எல்லாம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு அடித்துக் கொடுப்பார்கள். வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து பழகிய ஊர். ஆனால் மெல்லிய குழாய் வெல்டிங்குக்கு அதே நம்பிக்கையை வைக்காதீர்கள். மவுண்ட்டுக்கான 4130 குரோம்-மாலி குழாயின் சுவர் 0.9 அல்லது 1.25 மில்லிமீட்டர். இவர்கள் கை பழகியது 2, 3 மில்லிமீட்டர் ஃபிக்ஸ்சர் வேலைக்கு. ஆம்பியர் அதிகமாகும், உலோகம் மலைபோல் குவியும், ஓரத்தில் குழாய்ச் சுவர் அரிக்கப்பட்டு அண்டர்கட் விழும். அந்த அண்டர்கட்டில்தான் ஆறு மாதம் கழித்து விரிசல் தொடங்கும்.

செய்ய வேண்டியது: அதே குழாயில் இரண்டு துண்டு கொடுத்து, டி-வடிவில் டிக் வெல்டிங் போடச் சொல்லுங்கள். அறுத்து, தேய்த்துப் பாருங்கள். வேர் வரை உருகியிருக்கிறதா, உட்புறம் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தெரியும். சரியாக வந்தால்தான் மவுண்ட்டைக் கையில் கொடுங்கள். ஃபில்லர் இ.ஆர்.70எஸ்-2. குழாய் முனைகள் மீன்வாய் போல வளைத்து அறுத்து, வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும். இடைவெளியை உலோகம் ஊற்றி நிரப்பக் கூடாது. முடிந்ததும் தானாக ஆறட்டும். அவசரத்தில் ஏர் லைன் பிடித்துக் குளிரவைக்கும் பழக்கம் உண்டு, பக்கத்திலேயே நின்று தடுங்கள். 4130 அப்படி ஆறினால் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். பிறகு டை பெனட்ரண்ட் சோதனை. சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் அங்கே எல்லாரிடமும் இருக்கும்.

"4130 இல்லை, அதே பலத்துக்கு சீம்லெஸ் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். பவுடர் கோட்டிங்கும் வேண்டாம். தடித்த உறைக்கு அடியில் விரிசல் தெரியாது. வெளிர் நிறத்தில் மெல்லிய எனாமல் அடித்தால், விரிசலில் துருக் கோடு முதல் வாரமே தெரியும். அலுமினிய 6061 பிராக்கெட்டை வெல்டிங் வைத்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னால் அதுவும் வேண்டாம். அதற்குப் பலம் தரும் டி6 பதம் வெல்டிங் சூட்டில் போய்விடும், வெளியே பார்க்க மட்டும் புதிதாக இருக்கும். போல்ட் விஷயத்தில் 8.8, 10.9 எல்லாம் தொழிற்சாலைக்கு, விமானத்துக்கு ஏ.என். போல்ட். எக்சாஸ்ட்டுக்கு அருகில் நைலான் நட் போடாதீர்கள், முழு உலோக லாக் நட் போடுங்கள்.

ஆயில் டேங்க் எங்கே வேண்டுமானாலும் உட்காராது. 912 டிரை சம்ப் வகை, ஆயில் எஞ்சினுக்கு வெளியே தனி டேங்கில் இருக்கும். டேங்கில் ஆயில் மட்டம் ப்ரொப்பெல்லர் அச்சுக்கு நேராகவோ அதிகபட்சம் 400 மில்லிமீட்டர் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே வைத்தால் நிறுத்திய எஞ்சினுக்குள் ஆயில் இறங்கிவிடும். கீழே வைத்தால் பம்ப் இழுக்கத் திணறும்.

மாற்றிய பிறகு மாறும் குணங்கள்

இதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. ப்ரொப்பெல்லர் முன்னால் இருந்து இழுக்கும் டிராக்டர் அமைப்பில், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் 582-இன் ப்ரொப்பெல்லர் இடச்சுற்று. 912-இல் வலச்சுற்று. பழைய ப்ரொப்பெல்லர் பயன்படாது என்பது சின்ன விஷயம். 582-க்காகச் சாய்த்து வைத்த எஞ்சின் கோணமும், செங்குத்து வாலின் ஆஃப்செட்டும், ரட்டர் டேபும் (வாலின் திருப்புப் பலகையிலுள்ள சின்னத் தகடு) இப்போது தப்பான பக்கம் தள்ளும். இத்தனை நாள் டேக்-ஆஃபில் இடது காலை அழுத்திப் பழகியவர் இனி வலது காலை அழுத்த வேண்டும், அதுவும் பழையதைவிடப் பலமாக. டேபை நேராக்கிவிட்டு, ஓடுபாதையில் வேக ஓட்டம் சில முறை ஓடிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அதைவிட ஆபத்தானது திராட்டில் கேபிள். 582-இல் கேபிள் அறுந்தால் எஞ்சின் ஐடிலுக்கு விழும். 912-இன் கார்புரேட்டரில் ஸ்பிரிங் எதிர்த்திசையில் இழுக்கிறது. கேபிள் அறுந்தால் அந்தப் பக்கம் முழுத் திராட்டில். சுவிட்சை அணைத்துத்தான் இறங்க வேண்டும். அதே காரணத்தால் கையை எடுத்தால் லீவர் தானாக முன்னே நகரும். 582-இன் பழைய லீவரில் ஃபிரிக்ஷன் லாக் இல்லையென்றால் முதல் வேலை அதைப் போடுவது. தரையில் ஒருவர் ப்ரொப்பெல்லர் பக்கம் நிற்கும்போது லீவர் நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ப்ரொப்பெல்லர், தரையில் கோணம் மாற்றக்கூடிய காம்போசிட் வகையாகப் பாருங்கள். கனமான பழைய மர வகைகளில் சுழல் நிலைமம் வரம்பைத் தாண்டக்கூடும். 912-இன் கியர்பாக்ஸுக்கு 6000 கிலோ-செ.மீ.² தான் எல்லை. கோணத்தை ஆரத்தின் முக்கால் பங்கில் டிஜிட்டல் இன்க்ளினோமீட்டர் வைத்து அளந்து, பிளேடுகளுக்குள் 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பூட்டுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 200 ஆர்.பி.எம். வாக்கில் குறையும். நின்ற இடத்தில் முழுத் திராட்டிலில் 5200-க்குக் கீழே போகக் கூடாது. மட்டப் பறப்பில் முழுத் திராட்டிலில் 5500-க்கும் 5800-க்கும் இடையே வர வேண்டும். ஓசூரில் பொருத்திய கோணத்தோடு சேலத்துக்குக் கொண்டுபோனால் ஆர்.பி.எம். சற்று மாறலாம், மறுபடி பாருங்கள்.

இரண்டு கார்புரேட்டர்

இந்த எஞ்சினின் நோய்களில் பாதி இங்கேதான். ஆளுக்கு இரண்டு சிலிண்டர் என்று இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று முந்தினால் 2500 ஆர்.பி.எம். பக்கம் கேபின் நடுங்கும். அந்த நடுக்கம் நேரே கியர்பாக்ஸுக்குப் போகும். முதலில் மெக்கானிக்கலாக: இரண்டு லீவரும் ஐடில் ஸ்டாப்பை ஒரே கணத்தில் தொட வேண்டும், முழுத் திறப்பையும் ஒரே கணத்தில். பிறகு பேலன்ஸ் குழாயைக் கழற்றி, இரண்டு வெற்றிட கேஜ் மாட்டி, ஐடிலிலும் 2500-லும் முள் ஒன்றாக நிற்கும்வரை கேபிள் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பைக் மெக்கானிக்குகளிடம் இருக்கும் இரட்டை கேஜ் செட் இதற்குப் போதும். ஐடிலை 1400-க்குக் கீழே விடாதீர்கள், கியர்பாக்ஸ் கடகடக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப் போவது தெரிந்த குறை. அடையாளம்: வென்ட் குழாயில் பெட்ரோல் வழிதல், ஒரு பக்க பிளக்குகள் மட்டும் கறுப்பு, ஐடிலில் தடுமாற்றம். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். நகைக்கடைத் தராசில் வைத்தால் நொடியில் தெரியும். வழியும் பெட்ரோல் எக்சாஸ்ட்மேல் சொட்டாமல் இருக்கக் கார்புரேட்டருக்கு அடியில் டிரிப் டிரே கட்டாயம்; எடை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைக் கழற்றக் கூடாது. கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் ஃபிளாஞ்ச், ஹோஸ்கள் எல்லாம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியவை, ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும். பழைய 912 வாங்குகிறவர் "மணி நேரம் குறைவு" என்ற பேச்சில் மயங்காமல் ரப்பரின் தேதியைக் கேளுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் லைன் ஒருமுறை திறந்தாலே காற்றை வெளியேற்றியாக வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி, ஆயில் டேங்கில் ரோடாக்ஸ் கையேடு சொல்லும் முறைப்படி 1 பாருக்கு மிகாத காற்றழுத்தம் கொடுத்து, ப்ரொப்பெல்லரைச் சரியான திசையில் கையால் சுற்றி, கேஜில் அழுத்தம் ஏறும்வரை செய்யுங்கள். பிறகு வால்வு கவரைத் திறந்து, மூடிய வால்வின் ராக்கரைச் சுமார் 70 நியூட்டன் விசையில் அழுத்திப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கினால் ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் காற்று இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. இதைத் தவிர்த்துவிட்டு நேரே சாவி போட்டவர்கள் வால்வு டிரெயினைச் சில நிமிடத்தில் நாசம் செய்வார்கள். அதே காரணத்துக்காக ப்ரொப்பெல்லரை எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. ஷெட்டில் நிறுத்தும்போது பிளேடை அழகாகப் படுக்கவைக்கப் பின்னால் தள்ளும் உதவியாளரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆயில் 50 டிகிரி எட்டாமல் முழுத் திராட்டில் கொடுக்காதீர்கள். 4000-இல் இக்னிஷன் சோதனை: ஒவ்வொன்றாக அணைத்தால் வீழ்ச்சி 300-ஐத் தாண்டக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 115-ஐத் தாண்டக் கூடாது. மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பு) எக்சாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். 80 டிகிரிக்கு மேல் அது செத்துப்போகும். காற்று படும் இடம் பாருங்கள். எக்சாஸ்ட் ஸ்பிரிங்குகளுக்குள் உயர்வெப்ப சிலிக்கான் நிரப்பி, லாக்கிங் ஒயர் கோத்து விடுங்கள். ஒரு ஸ்பிரிங் உடைந்து பின்னால் போனால் துணியைக் கிழிக்கும். முதல் 25 மணி நேரத்தில் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்துப் பாருங்கள். நுண்ணிய பளபளப்பு இயல்பு, நகத்தில் படும் துகள் இயல்பு இல்லை.

ஜபிரு 2200 என்ற இன்னொரு எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள். கியர்பாக்ஸ் இல்லாமல் 3300 ஆர்.பி.எம்.மில் நேரே சுற்றும், சுமார் 80 எச்.பி., எளிமையானது, எடையும் குறைவு. ஆனால் காற்றுக் குளிர்ச்சி. மெதுவாகப் பறக்கும் துணி விமானத்தில், இந்த வெயிலில் நீண்ட ஏற்றத்தில், பின் சிலிண்டர்களின் தலை சூடாவதைக் காற்றுத் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்துச் சமாளிக்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு அது சரி.

கழற்றிய 582-ஐ மூலையில் போட்டுவிடாதீர்கள். கடைசியாக ஓடும்போது உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் விட்டு நிறுத்துங்கள், எக்சாஸ்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் டேப்பால் மூடுங்கள், கூலன்ட்டை வடித்து எடுங்கள். இ20 ஓடிய கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்தை வறட்சியாக்காமல் விட்டால் ஜெட் பச்சை பூத்துவிடும். லாக்புக், கியர்பாக்ஸ் வகை, ரேஷியோ, கடைசியாகக் கிராங்க் சீல் மாற்றிய தேதி எல்லாம் ஒரே தாளில் எழுதி எஞ்சினோடு கட்டி வையுங்கள். புது எஞ்சின் இனி வராது என்பதால், பதிவேடு ஒழுங்காக உள்ள 582-ஐத் தேடி வாங்க ஆள் இருக்கிறது.